விசிறி இல்லாத கணிப்பொறி

மேசைக் கணிப்பொறியின் அருகே செவி கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் உள்ளே ஒரு விசிறி இரைந்துகொண்டிருக்கும். 1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டோஷில் அந்த ஓசை கிடையாது. இரைச்சல் கூடாதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் விசிறியையே விலக்கிவிட்டார்.

9 அங்குலப் படக்குழாய், மோட்டோரோலா 68000 நுண்செயலி, 128 கிலோபைட் நினைவகம், 400 கிலோபைட் கொள்ளும் நெகிழ்தட்டு இயக்கி எல்லாம் ஒரே பெட்டிக்குள். விலை 2,495 டாலர். சூடான காற்று இலேசாகி மேல் துளைகள் வழியே வெளியேறும். கீழிருந்து குளிர்ந்த காற்று நுழையும். அடுப்பின் புகைபோக்கி வேலை செய்யும் முறைதான். அழகான எண்ணம், ஆனால் போதவில்லை.

மின்வழங்கியும் படக்குழாயை இயக்கும் சுற்றும் ஒரே பலகையில் இருந்தன. அது சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, பற்றாசு இணைப்புகளில் மயிரிழை வெடிப்பு விழுந்தது. மின்தேக்கிகளும் உலர்ந்தன. திரைப்படம் ஒற்றைச் செங்குத்துக் கோடாகச் சுருங்கினால் முதலில் பற்றாசைத்தான் ஐயுற வேண்டும். வெடித்த இடத்தில் மீண்டும் பற்றவைத்தால் பல பொறிகள் உயிர்பெறும்.

அப்படியொரு பொறி உங்கள் கைக்கு வந்தால் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்! மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதை இறக்கத் தெரிந்தவரே கைவைக்க வேண்டும். திருகுகளின் தலை ஆறுமுனை நட்சத்திர வடிவம். இரண்டு திருகுகள் கைப்பிடிக் குழியின் ஆழத்தில் இருப்பதால் நீண்ட திருப்புளி வேண்டும். கழற்றிய பின்கூட்டின் உட்புறத்தைப் பாருங்கள்: உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் அங்கே வார்க்கப்பட்டிருக்கும்.

ஜாப்ஸ் 1985இல் ஆப்பிளை விட்டு விலகினார். 1987இல் வந்த மக்கின்டோஷ் எஸ்.இ.யில் விசிறி இருந்தது.