ஆடி விதை கேட்டு இனி யாரும் வருவதில்லை

ஆடி பிறந்ததும் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுக் கொல்லைக்குப் போய் விதை கேட்பது வையம்பட்டிப் பக்கத்தில் வழக்கமாக இருந்தது. அவரை, பீர்க்கு, சுரை, புடலை, பரங்கி, கத்திரி, வெண்டை, கொத்தவரை என்று தன் வீட்டில் எது இல்லையோ அதைக் கேட்பார்கள். காசு கிடையாது, படிக்கணக்கும் கிடையாது. கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். ஆடிப்பெருக்கு வருவதற்குள் தெருவில் எல்லாக் கொல்லையிலும் விதை ஊன்றி முடிந்திருக்கும். அந்த வழக்கம் இன்று இல்லை. ஊர் கூடி எடுத்த விழா அல்ல அது. பந்தலோ மேளமோ இருந்ததில்லை. அதனால்தான் அது போனதும் யார் கண்ணிலும் படவில்லை.

வையம்பட்டி காவிரித் தண்ணீர் எட்டாத திருச்சி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் புதுவெள்ளத்துக்குப் படையல் வைக்கிற நாளில், மணப்பாறைக்குத் தெற்கே எங்கள் செம்மண் கரட்டில் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொன்னணியாறு அணை இருக்கிறது. அது வருஷா வருஷம் நிரம்புவதில்லை. ஆவணி, புரட்டாசியில் இடியோடு இறங்கும் ஓரிரு மழையில் கொடி வேர் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது தழைக்க வேண்டும். பனியில் காய்க்க வேண்டும். ஆடிப்பட்டம் என்பது இந்தக் கணக்குத்தான்.

நாட்டுக் கொடியவரையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். பகல் பொழுது குறுகினால்தான் அது பூவெடுக்கும். முன்பட்டத்தில் ஊன்றினால் மாதக்கணக்கில் வெறும் கொடியாக ஓடும். பிந்தி ஊன்றினால் கொடி ஆள் உயரம் ஏறுமுன்னே பூத்துவிடும், காயும் சொற்பமாகத்தான் வரும். ஆடியில் ஊன்றியது வேலி முழுக்கப் படர்ந்து, கார்த்திகை கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் கூடை நிறையக் கொடுக்கும். பொழுதின் நீளத்தைக் கண்டுகொள்ளாத குத்தவரை இப்போது எந்த மாதமும் கடையில் கிடைக்கிறது. கிடைக்கட்டும், நானும் வாங்கித்தான் சமைக்கிறேன். ஆனால் பனிக்காலத்துக் கொடியவரையின் வாசம் அதில் இல்லை.

விதையைப் பத்திரப்படுத்தியது முழுக்க முழுக்கப் பெண்கள் கைவேலை. எங்கள் அப்பாயி அவரை விதைக்கும் துவரைக்கும் செம்மண் கட்டுவார். மண்ணைச் சலித்துக் கூழாகக் கரைத்து, அதில் விதையைப் புரட்டி, வெயிலில் காயப் போட்டுப் பானையில் கொட்டி வைத்தால் வண்டு துளைக்காது. பரங்கி விதையைச் சாணத்தில் வைத்து வரட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார். ஆடியில் வரட்டியை உடைத்தால் விதை வைத்தது வைத்தபடியே இருக்கும். பீர்க்குக்கு அந்த வேலையும் இல்லை. நெற்றாகக் கொடியிலேயே காயவிட்டு, காம்போடு அறுத்து அடுப்படி எரவாணத்தில் கட்டிவிட்டால் போதும். எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். கத்திரியில் முதல் கொத்துக் காயில் ஒன்றைப் பறிக்காமல் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விடுவார். பிறகு தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் காய வைப்பார். அந்தக் காயில் பிள்ளைகள் கை வைத்தால் அடி விழும்.

இத்தனை பக்குவம் தெரிந்தவர் ஏன் விதை கேட்டு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்? ஒரு வீட்டில் சாம்பல் குறைந்து பூச்சி விழும், இன்னொரு வீட்டில் எலி தின்னும், மழை தப்பும், ஆடு வேலியைப் பிரித்துக்கொண்டு வரும். எந்த வீட்டு விதையும் நாலு வருஷத்துக்கு ஒரு முறையாவது அற்றுப்போகும். அப்போது அது பக்கத்து வீட்டில் இருக்கும். கேட்க வந்த பெண்ணுக்கும் அப்பாயிக்கும் நடக்கும் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அப்பாயி, பீர்க்கன் வெத இருக்கா?” “இருக்குதுடி. போன வருசம் ஒங்க ஆத்தா குடுத்ததுதான், எடுத்துட்டுப் போ.” விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்க மாட்டார். எங்கள் விதைக்குப் பாதுகாப்பு பானை அல்ல, பத்து வீடு. இல்லாமல் போனது அந்தப் பத்து வீட்டுப் பாதுகாப்புத்தான் என்பது என் எண்ணம். விதை அதற்குப் பிறகுதான் போனது.

ஏன் போனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. கிளுவை வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்காலாக அவரைக்கு ஓடியது நின்று, குழாய் வழியாக மண்ணுக்குள் போனது. ஓட்டுக்கூரையில் சுரை படரும். காங்கிரீட் தளத்தில் வெயில்தான் படரும். திருச்சி–திண்டுக்கல் சாலை அகலமானதும் ஒட்டன்சத்திரத்துக் காய் விடிவதற்குள் வந்து இறங்கியது. வீரிய ஒட்டு விதைப் பாக்கெட்டும் கூடவே வந்தது. நன்றாகக் காய்க்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதில் விதை எடுத்து ஊன்றினால் தாயைப் போலப் பிள்ளை வராது. அடுத்த வீட்டுக்குக் கொடுக்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

கடைசி அடி மழையிலிருந்து விழுந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்கப் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. முன்பும் மழை பொய்த்ததுண்டு. கிணற்றடியை ஒட்டிய ஏதோ ஒரு கொல்லையில் நாலு கொடி பிழைத்து, அடுத்த ஆடிக்கு ஊருக்கே விதை கொடுக்கும். இந்த முறை கொல்லை வைத்திருந்த வீடுகளே விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன, அவற்றில் ஒன்றிலும் தண்ணீர் இல்லை. அதற்கடுத்த ஆடியில் எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் விதை கேட்டுப் போகவில்லை.

மணப்பாறைக் கத்திரி என்று தனியாகப் பேர் சொல்லும் அளவுக்கு நாட்டுக் கத்திரி இருந்த வட்டாரம் இது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 கத்திரியே புழுதிக் கத்திரி என்ற நாட்டு வகையிலிருந்து உருவாக்கியதுதான். அந்தக் கல்லூரிக்கு மூலதனம் போட்டது எங்கள் அப்பாயி போன்ற பேர் தெரியாத பெண்கள். 2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு உரிமை தந்தது. 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்திரியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இரண்டும் போராடிப் பெற்றவை; இரண்டுக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வாசலில் நுழைய வந்த புதுக் கத்திரியைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தபோது, பழைய கத்திரி கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

விதையை மீட்க உழைத்தவர்கள் எங்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை 1969இல் உதறிவிட்டு வந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், தம் கடைசிக் காலத்தில் வானகம் என்ற பண்ணையை அமைத்தது பக்கத்துக் கரூர் மாவட்டம் கடவூர்ச் சுருமான்பட்டியில்தான். எங்கள் மண்ணைப் போன்ற வறண்ட மண். 2013 டிசம்பர் 30இல் மறைந்தவரை அங்கேயே விதைத்தார்கள். இன்று விதைத் திருவிழாக்களில் நாட்டு விதைகள் வகை வகையாகக் கிடைக்கின்றன. மாடித்தோட்டம் போடுகிற இளம்பெண்கள் அவ்வளவு ஆசையாக வாங்கிப் போகிறார்கள். நானும் கொடியவரை வாங்கி வந்தேன். காய்த்தது, விதையும் எடுத்தேன். தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தபோது எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஊன்ற இடம் இருந்தது ஒரு வீட்டில்தான்.

நெல்லுக்கு இந்த வழக்கத்தை மறுபடி உண்டாக்கிக் காட்டியவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் ஒருவருக்கு 2 கிலோ விதை கொடுத்தால், மறு வருஷம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த நியதி. 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட நெல் வகைகள் அப்படி வயலுக்குத் திரும்பியிருந்தன. வாங்கியவர் திருப்பிக் கொடுக்கத்தான் மறுபடி வந்தார், வந்த இடத்தில் இன்னொருவரைப் பார்த்தார். காய்கறி விதைக்கு நான் போன திருவிழாக்களில் அந்த நியதி இல்லை. பாக்கெட்டுக்கு விலை இருக்கிறது. வாங்கியவர் மறு வருஷம் இன்னொரு பாக்கெட் வாங்குகிறார். அவரைக்கும் கத்திரிக்கும் அந்த 2க்கு 4 கணக்கை யாராவது இந்த வட்டாரத்தில் தொடங்கினால், என் பானையில் செம்மண் கட்டிய அவரை இருக்கிறது. விளக்கு வைப்பதற்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.