சொல்லைத் தேடிய வழிகள்

உரைக்கோப்பில் உள்ள அகராதிப் பதிவுகளைப் பைத்தானில் படிக்கும் நிரல் பத்து வரிக்குள் அடங்கிவிடும். கோப்பைத் திறந்து, வரி வரியாக எடுத்து, டேப் விழுந்த இடத்தில் வெட்ட வேண்டும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். அகராதித் தரவுகளைச் சீர்செய்வதே என் பிழைப்பு. இந்த வரிகளை எழுதும்போதெல்லாம் அகராதி நிகண்டு எழுதிய ரேவண சித்தரை நினைத்துக்கொள்வேன். சொல்லை முன்னே வைத்துத் தேடும் ஏற்பாடு தமிழில் தானாக வந்துவிடவில்லை.

அகராதிகளுக்கு முந்தைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் மனப்பாடத்துக்காகப் பிறந்தவை. தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுத்துப் பாட்டாக்கினார்கள். மண்டலபுருடர் சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்களை எதுகைப்படி அடுக்கினார். அங்கே திறவுகோல் சொல்லின் இரண்டாம் எழுத்து. எதுகை நினைவுக்கு வந்தால் பாட்டும் பின்னாலேயே வந்துவிடும். மிக நுட்பமான ஏற்பாடு அது. ஆனால் பாடம் செய்யாதவனுக்கு அந்த நூல் பூட்டிய பெட்டிதான்.

1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தார். முதலெழுத்து மட்டும்தான், அதற்குள் மேலும் வரிசை கிடையாது. என்றாலும் மனப்பாடம் இல்லாதவனுக்கும் வழி திறந்தது அப்போதுதான். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் செய்யுளையே விட்டுவிட்டார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள்; சொல்லிலிருந்தும் தேடலாம், பொருளிலிருந்தும் தேடலாம்.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம். 1926 முதல் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. அதில் நான் வியப்பது தலைச்சொல்லின் தோளில் நிற்கும் சின்ன எண்ணை. படிப்பதைக் குறிக்கும் 'கல்' ஒரு பதிவு, பாறையைக் குறிக்கும் 'கல்' வேறொரு பதிவு; ஒவ்வொன்றுக்கும் தனி எண். தட்டெழுதும்போது அந்த எண்ணை விட்டுவிட்ட கோப்பை, சொல்லையே திறவுகோலாக வைத்து நிரலில் ஏற்றினால், பின்னால் வரும் 'கல்' முன்னதை அழித்துவிடும். பிழைச்செய்திகூட வராது. அச்சுக் கோத்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் அந்தப் பொடி எண்ணில் காட்டிய கவனத்தால்தான் இன்று இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

கொலோன், சிகாகோ பல்கலைக்கழகங்களின் முயற்சியால் லெக்சிகன் கணினிக்கு வந்தது. இப்போது எந்தச் சொல்லையும் வரிசை பார்க்காமலே நொடியில் எடுக்கலாம். ஆனால் பட்டியலிடச் சொன்னால் யூனிகோடு எண்வரிசை தலைகாட்டும். பிற இந்திய மொழிகளோடு ஒத்துப்போகும் இஸ்கி (ISCII) என்ற எழுத்துக் குறியீட்டின் அடுக்கை ஒட்டியது அது. அங்கே னகரம் பகரத்துக்கு முன்னால். விளைவு, 'கனி' வந்த பிறகே 'கப்பல்' வரும். புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால்தான் இடம். ஆகவே 'அகம்' முந்திக்கொள்ள, 'அக்கா' பின்தங்கும். ககரம் தொடங்கி றகர னகரத்தில் முடியும் வரிசையையும், புள்ளி முதலில் என்ற விதியையும் நாமே நிரலில் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் 'அக்கா'வும் 'கப்பலு'ம் லெக்சிகனில் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும்.