பெயரிழந்த படைவீரர்கள்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்ட இளைஞர் பலர், சீருடை அணிந்து படக்கூடத்தில் அமர்ந்து, தம் படத்தை வீட்டாரிடம் விட்டுச் சென்றனர். முகம் அறிந்தவர்க்குப் பெயர் எழுதிவைக்கத் தோன்றவில்லை. அவர்கள் மறைந்தபின் பெயரும் மறைந்தது.

ஆதலின், இப்படங்களைச் சேர்ப்போரின் தலையாய பணி பெயர் தேடுவதேயாம். கண்ணாடியிலும் இரும்புத் தகட்டிலும் நேரே பதிந்த படங்களில் இடம் வலமாக மாறியிருக்கும். இடைவாரின் எழுத்தும் கண்ணாடியில் கண்டதுபோல் திரும்பியிருக்கும். படத்தின் பின்புறம் வரி ஸ்டாம்பு ஒட்டியிருந்தால், அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்கப்பட்டது எனலாம். படங்களுக்கு அரசாங்கம் வரி விதித்த காலம் அதுவே. துப்பாக்கியை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. அது படக்காரர் இரவல் தந்ததாகவும் இருக்கலாம்.

வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு லில்யென்குவிஸ்ட் குடும்பத்தார் 2010இல் ஏறத்தாழ 700 படங்களை வழங்கினர். அவற்றுள் பெரும்பாலானவை பெயரற்றவை. மனைவியோடும் இரு பெண்மக்களோடும் அமர்ந்த கறுப்பின வீரர் ஒருவரின் படமும் பெயரின்றியே அங்கு வந்தது.

பெயருள்ள படத்துக்கு விலை மிகுதி. ஆகவே ஊகத்தைப் பெயராக எழுதிவிடும் ஆசையும் எழும். அவ்வாறு எழுதினால், இறந்த ஒருவரின் முகம் வேறொரு குடும்பத்துக்கு உரியதாகிவிடும். சான்று கிட்டும்வரை அவ்விடத்தை வெறுமையாக விடுவதே அவ்வீரருக்குச் செய்யும் மரியாதை.