சுரையாவும் இன்ஃப்ளூயன்ஸாவும்

மே மாதத்தில் தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருப்போர் அக்கினி நட்சத்திரத்தை நொந்துகொள்ளாமல் இருப்பதில்லை. அந்த நட்சத்திரம் கார்த்திகை. சூரியன் அதைக் கடக்கும் நாட்களை ஒட்டியே பஞ்சாங்கம் கத்திரி வெயிலைக் கணிக்கிறது. அதே விண்மீன் கூட்டத்திற்கு அரபியில் ஸுரையா என்று பெயர். நம் வீடுகளில் எத்தனையோ சுரையாக்கள் இருக்கின்றனர். தம் பெயருக்கும் இந்த வெயிலுக்கும் உள்ள உறவை அறிந்தவர் சிலரே.

நோயின் பெயரிலும் விண்மீன்கள் ஒளிந்துள்ளன. இன்ஃப்ளூயன்ஸா என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் 'தாக்கம்' என்று பொருள். ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் படுக்கையில் தள்ளிய காய்ச்சலை விண்மீன்களின் தாக்கம் என்றே அந்நாட்டார் கருதினர். 1743-இல் அங்கே பரவிய நோயின் செய்தியோடு அச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. காரணமான வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டதோ 1933-இல்தான். அதற்குள் 1918-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டுவிட்டது.

இக்காய்ச்சலுக்குத் தரப்படும் ஒசெல்டாமிவிர் மருந்தின் மூலப்பொருள் ஷிகிமிக் அமிலம். அதைப் பெருமளவில் தந்தது அன்னாசிப்பூ, நம் பிரியாணியில் கிடக்கும் அதே எட்டு முனை நட்சத்திரம்! (பிரியாணி உண்டால் காய்ச்சல் தீரும் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். அமிலம் மருந்தாவதற்கு ஆலையில் பல படிகள் உண்டு.)

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய இறப்பிற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, மகனை இழந்த அத்துயரிலும், நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மருத்துவ மேதை இப்னு சீனாவும் சோதிடத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார்.

ஆயினும் 'கிரகச்சாரம்' என்னும் சொல் நம் வீடுகளிலும் புழங்குகிறது. சலிப்பில் சொல்லிவிட்டுப் போனால் கேடில்லை. பல்லாவரத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இரண்டு மாதங்கள் இருமினார். கிரகச்சாரம், நேரம் சரியில்லை என்றே வீட்டார் ஆறுதல் கூறிவந்தனர். இரண்டு ரயில் நிலையங்கள் தள்ளி, 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அந்த நிலையத்தைக் கடந்தே அவர் நாள்தோறும் கடைக்குச் சென்றுவந்தார். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இறுதியில் பேரன் அழைத்துச் சென்றான். ஆறு மாதச் சிகிச்சையில், அல்ஹம்துலில்லாஹ், குணமடைந்தார். இப்போது தொழுகை வரிசையில் எவரேனும் இருமினால், ஸலாம் கொடுத்து முடிந்ததும் முதலில் அருகே சென்று விசாரிப்பவர் அவர்தான்.