சட்டாம்பிள்ளையின் பிரம்பும் மணலும்

ஐப்பசி மழை தொடங்கும் நாள்களில் நமது பங்கு இல்லத்துத் திண்ணை மாலைதோறும் நிறைந்துவிடும். கடலோரக் குப்பங்களிலிருந்து கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் புத்தகப் பையுடன் வந்து அமர்வார்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பள்ளியில் தமிழில் பயின்றவர்கள், கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுத் திகைத்துப் போனவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி முதற்பருவத் தேர்வில் மூன்று தாள்களில் தவறினாள். “இனி நான் போகமாட்டேன் சாமி, மீன் கூடையே போதும்” என்றாள். நாம் ஆறுதல் சொன்னோம், அறிவுரை சொன்னோம், அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாளேயன்றி மனம் மாறவில்லை. அவளை மீண்டும் கல்லூரிக்கு அனுப்பியது நமது சொல் அன்று. அடுத்த தெருவில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மற்றொரு பெண், பழைய வினாத்தாள்களை மடியில் விரித்து அவளருகே அமர்ந்தாள். “எனக்கும் இதே தாள்தான் போச்சு, வா பார்க்கலாம்” என்றாள். அந்த ஒரு வார்த்தை, இறையியலும் மெய்யியலும் கற்ற நமக்கு வாய்க்கவில்லை.

மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பிக்கும் இம்முறை எங்கிருந்து வந்தது என்று அன்று முதல் தேடலானோம். அத்தேடல் நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் சென்று, இறுதியில் நமது திண்ணைக்கே கொண்டுவந்து சேர்த்தது.

இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே 1623ஆம் ஆண்டு கன்னட நாட்டில் பயணம் செய்தபோது, ஒரு கோவில் முகமண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, ஒருவன் ராகத்துடன் பாடத்தைச் சொல்லி விரலால் எழுத, மற்றவர்களும் அவ்வாறே சொல்லி எழுதினர். ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார் என்று அவர் வினவினார். நால்வருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறந்துபோவது இயலாது என்று சிறுவர்கள் விடையிறுத்தனராம். கூடிக் கற்பதன் இயல்பை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இதுவே வழக்கம். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ வெவ்வேறு வயதினர். தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று, சிறியோருக்கு மணலில் எழுத்துக் கற்பிப்பான். எண்சுவடியை ஒருவன் உரக்கச் சொல்ல ஏனையோர் பின்தொடர்ந்து முறை சொல்லுவர். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கெடுப்பில், நமது செங்கற்பட்டு மாவட்டத்தில் மட்டும் 508 பள்ளிகளும் 51 உயர்கல்விக் கூடங்களும் இருந்தமை பதிவாயிற்று. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அவ்வேடுகளைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் கூறவில்லை. பெண்பிள்ளைகள் அத்திண்ணைகளில் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களில் பெரும்பாலோர்க்குத் திண்ணையின் நிழல்கூடக் கிட்டவில்லை.

இத்திண்ணை முறையைக் கடல் கடத்தியவர் ஆண்ட்ரூ பெல் எனும் ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குருவானவர். 1787இல் சென்னைக்கு வந்த அவர், 1789இல் எழும்பூரிலிருந்த ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்த சிறுவர்கள் அங்கே வளர்ந்தனர். ஒருநாள் குதிரையில் செல்லும் வழியில், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் புகுத்த முனைந்தபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தனர். பெல் மனம் தளராமல், எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கெனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியோர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையை லண்டனில் நடத்தினார். மணலைத் தமிழரிடம் கண்டதை ஒப்புக்கொண்ட பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கருதினார். ஆயினும் அம்முறை இந்தியாவிலிருந்தே வந்தது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814இல் தம் மடலில் ஏற்றனர். பெல்லாரி ஆட்சியராயிருந்த கேம்ப்பெலும் 1823இல் அவ்வாறே எழுதினார். கற்பிப்பதால் மூத்த மாணவனின் அறிவும் உறுதிப்படுகிறது என்பதையும் அவர் குறித்துள்ளமை கருதத்தக்கது.

நமது திருச்சபைக்கும் இது புதிதன்று. இயேசு சபையார் 1599இல் வகுத்த கல்விமுறை ஏட்டிலேயே, மனப்பாடத்தைக் கேட்டறியவும் பயிற்சி ஏடுகளைத் திரட்டவும் மாணவத் தலைவர்கள் நியமிக்கப்பட்டனர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பிரான்சில் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் பள்ளிகள் பெருகியபோது, கிறித்தவப் பள்ளிச் சகோதரர்கள் அவற்றை எதிர்த்தனர். ஆசிரியரே வகுப்பு முழுவதற்கும் ஒருசேரக் கற்பிக்க வேண்டும் என்றனர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருந்தது. ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிப்பிக்கலாம் என்ற ஆசையே அம்முறையைக் கெடுத்தது. தாமே அரைகுறையாய்க் கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர், பாடம் இயந்திரமாயிற்று. இங்கிலாந்திலும் 1846 முதல் வேறு ஏற்பாடு அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று.

மற்றொரு தீங்கும் உண்டு. சட்டாம்பிள்ளையின் ஒரு கையில் மணல் இருந்தது. மறு கையில் பிரம்பும் இருந்தது. மூத்தவன் என்னும் உரிமை, இளையவனை அடக்கும் அதிகாரமாக எளிதில் திரிந்துவிடும். 1996இல் தமிழகத்து மருத்துவ மாணவர் ஒருவர், முதலாண்டிலேயே, மூத்த மாணவரின் பகடிவதைக்குப் பலியானதை நாம் மறக்கலாகாது. அதன் விளைவாகவே 1997இல் தமிழக அரசு பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. சட்டம் பிரம்பைப் பறிக்க வல்லது. மணலைக் கையில் கொடுப்பது சட்டத்தால் ஆவதன்று. அது நம்மைப் போன்றோர் கடமை.

இதற்கு இக்காலத்தில் நல்ல முன்மாதிரி ஒன்றுண்டு. அமெரிக்காவில் கான்சஸ் நகரிலுள்ள மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் 1973இல் டீனா மார்ட்டின் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பலரும் தவறிவிடும் கடினமான பாடத்தைத் தேர்ந்து, அதில் முன்னரே நன்கு தேறிய மூத்த மாணவரை அமர்த்தினார். அம்மாணவர் வகுப்பில் மீண்டும் அமர்ந்து கேட்பார். பின்னர் இளையோரைக் கூட்டி விடையைச் சொல்லாமல் வினாக்களை எழுப்பி, அவர்களே சிந்திக்கச் செய்வார். இத்திட்டம் ‘மந்தமான மாணவர்’ என்று எவரையும் பிரித்து நிறுத்துவதில்லை. பாடமே கடினம் என்கிறது. எனவே வருவோர்க்கு நாணம் இல்லை. தேர்வில் தவறிய பிள்ளையை வீட்டுக்குள் முடக்குவது பெரும்பாலும் அந்த நாணமே என்பதைப் பங்குத்தந்தையர் அறிவர்.

மாமல்லபுரக் கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். முதன்முறை கட்டுமரம் ஏறும் இளைஞனுக்கு, அலை உடையும் இடத்தைக் கரையில் நிற்கும் முதியவர் கைநீட்டிக் காட்டுவார். ஆனால் எந்த நொடியில் துடுப்பை அழுத்த வேண்டும் என்பதை, அண்மையில் அதே அலையில் கவிழ்ந்து எழுந்த அண்ணன்தான் உடனிருந்து சொல்ல முடியும். ஆசிரியர் கடலை அறிந்தவர். மூத்த மாணவன் கவிழ்ந்த இடத்தை அறிந்தவன். இருவரும் வேண்டும். ஒருவர் இடத்தை மற்றவர் நிரப்ப இயலாது.

அன்பர்களே, இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பருவத் தேர்வுக்கு எட்டு வாரங்களுக்கு முன் பங்கு இல்லத் திண்ணையையோ பள்ளிக்கூடத்து அறையையோ மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் பழைய வினாத்தாள்களும் போதும். நான்கைந்து பேருக்கு ஒரு மூத்த மாணவர் அமரட்டும். எந்தச் சமயத்தார், எந்தத் தெருவினர் என்று வாசலில் கேளாதிருங்கள். பழைய திண்ணைகள் செய்த பிழையை நாம் மீண்டும் செய்ய வேண்டா. மூத்தோரையும் அவ்வப்போது கவனியுங்கள்: அவர் கையில் இருப்பது மணலா, பிரம்பா?

மீன் கூடையே போதும் என்ற அந்த மாணவி மூன்று தாள்களையும் அடுத்தடுத்த பருவங்களில் எழுதித் தேறினாள். பட்டம் பெறுமுன் ஓராண்டு நமது திண்ணையில் இளையோரிடையே அவளும் அமர்ந்தாள். முதல்நாள் அவள் தன் பையிலிருந்து எடுத்து அவர்களுக்குக் காட்டியது நல்ல மதிப்பெண் பெற்ற தாளை அன்று. தான் தவறிய தேர்வின் மதிப்பெண் பட்டியலையே.