பெயர் கேட்காத கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை விட்டு வடக்கே கிளம்பினால் சிறிது தூரத்திலேயே பொம்மையார்பாளையம் வந்துவிடும். தெற்கே புதுச்சேரி நகரம், வடக்கே காலாப்பட்டு. இரண்டும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டவை. இடையில் கிடக்கும் இந்த மீனவ ஊர் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே எல்லைக்கோடு இருந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், மறுபக்கம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் தென்னாற்காடு ஜில்லா. இந்தக் கரையில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று சர்க்கார் முதன்முதலாக விரிவாகக் கேட்டது அந்தக் காலத்தில்தான்.

1822 ஜூன் மாதம் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று கட்டம் போட்ட படிவம் போனது. அந்தப் படிவத்தில் இல்லாத ஒன்று பிள்ளையின் பெயர். இன்னொன்றையும் மன்றோ சேர்த்தே சொன்னார்: நாட்டுப் பள்ளிகளில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை, மக்கள் அவற்றைத் தம் வழக்கப்படியே நடத்திக்கொள்ளட்டும். எதற்காகக் கேட்கிறோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிடும் பழக்கம் சர்க்கார் கணக்குகளில் அரிது. அந்த ஒரு காரணத்துக்காகவே மன்றோவின் குறிப்பை இன்றைய ‘ஆப்’ தயாரிப்பாளர்கள் படிக்கலாம்.

பதில்கள் வந்துசேர ஆண்டுகள் ஆயின. தென்னாற்காட்டிலிருந்து 875 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். கனரா கலெக்டர் மட்டும் படிவத்தை நிரப்பவில்லை. தம் ஜில்லாவில் கல்வி பெரும்பாலும் வீட்டோடு நடக்கும் காரியம், அதைக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது என்பது அவர் சொன்ன சமாதானம். அது முழுக்கச் சாக்கு என்றும் தள்ளிவிட முடியாது. சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போகிறவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்குப் பிள்ளைகள் வீட்டில் படிப்பதாகக் கலெக்டர் எழுதினார். அந்த எண்ணை நம்ப மன்றோவுக்கே தயக்கம் இருந்தது. வீட்டு வாத்தியாரிடம் நடக்கும் பாடம், நாம் இன்று ட்யூஷன் என்கிறோமே, அது கணக்கில் அகப்படாதது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குப் பதிவேடு தேவைப்படவும் இல்லை. மணலில் எழுதியது அழிந்துவிடும். யார் வீட்டில் கூலி நெல் பாக்கி, எந்தப் பையன் எதில் மந்தம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊருக்கும் மனப்பாடம் என்பது வேறு கதை. அந்தரங்கம் அங்கே தழைத்தது என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். ஆனால் ஊருக்குத் தெரிந்தது ஊரோடு நின்றது.

அதை ஊருக்கு வெளியே கொண்டுபோனது பணம். 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகு பள்ளிகளுக்கு அரசு மானியம் வரத் தொடங்கியது. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சியைப் பார்த்துப் பணம் தரும் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று தொகை கிடைக்கும். தலைக்குக் காசு என்று ஆனபின் தலைக்கு ஒரு பெயர் வேண்டும், வயது வேண்டும், வந்த நாள்களின் எண்ணிக்கை வேண்டும். ஆஜர்ப் பட்டியல் வாத்தியாரின் வருமானக் கணக்காகவும் ஆனது. பிள்ளையின் விவரம் வேறொருவர் வரவுசெலவுக்குள் நுழைந்தது அப்படித்தான். அதன்பின் அது வெளியே வரவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் வரை ஏறியது. தேர்வு முடிவு நாளில் நாளிதழ்கள் பதிவெண்களை மட்டும் பொடி எழுத்தில் அச்சிட்டன. எண் இல்லாவிட்டால் தோல்வி; ஆனால் அந்த எண் யாருடையது என்று பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. பெயரும் படமும் முதலிடம் பெற்றவர்களுக்குத்தான். ட்யூஷன் சென்டர்கள் அந்தப் படத்தைத் தமதாக்கிக்கொண்டன. மதிப்பெண், பள்ளிப் பெயர் எல்லாம் போட்டுப் பிள்ளையின் முகத்தை ஃப்ளெக்ஸில் ஏற்றிப் பேருந்து நிறுத்தத்தில் கட்டினார்கள். 2017இல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வுகளில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பேனர் நிற்கவில்லை.

கொரோனா முடக்கத்துக்குப் பின் கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 2021 அக்டோபர் 27 அன்று இதே கரையில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தெருவிலேயே பாடம். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணைப் பள்ளி திரும்பி வந்ததுபோலவே இருந்தது, ஒரு வேறுபாட்டைத் தவிர. இந்தத் திண்ணையின் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியே சென்னைக்குப் போனது.

அரசு சேகரிப்பது ஒரு பக்கம் என்றால் வியாபாரம் சேகரிப்பது மறுபக்கம். 2020 மே மாதம் இணையவழிப் பாடம் நடத்தும் அன்அகாடமி நிறுவனத்தின் பயனர் விவரங்கள் திருட்டுச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. சைபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் என்றது; ஒரு கோடிப் பேர் அளவில் அடிப்படை விவரங்கள் போயின என்று நிறுவனமே ஒத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் அதே தொழிலில் இருந்த பைஜூஸ் நிறுவனத்தின் தலைவரை அழைத்தது. பிள்ளைகள், பெற்றோரின் தொலைபேசி எண்களை வாங்கித் துரத்துகிறார்கள் என்பது ஆணையத் தலைவரின் குற்றச்சாட்டு, நிறுவனம் மறுத்தது. மறு மாதமே அரசின் ‘தீக்‌ஷா’ கல்வித் தளத்தில் மாணவர், ஆசிரியர் விவரங்கள் பூட்டாமல் கிடந்தது செய்தியானது. இங்கே அரசும் தனியாரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரம் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். கல்வி நிறுவனங்கள் பாடத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளைக் கண்காணிக்க விதியிலேயே விலக்கு உண்டு. அந்த வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைப் பெற்றோர் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

மின்னணு வடிவில் உள்ளதும் பின்னால் மின்னணுவாக்கப்பட்டதும்தான் இந்தச் சட்டத்துக்குள் வரும். பொம்மையார்பாளையத்தில் ஒரு ட்யூஷன் அக்கா பிள்ளைகளின் பெயரையும் ஃபீஸ் பாக்கியையும் நீள நோட்டில் எழுதி வைத்திருக்கும்வரை சட்டம் அவரைத் தொடாது. அதே பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் தொடும்.