அடைபட்ட மடைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள கூமாப்பட்டியில், பிளவக்கல் அணைகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மலைநீரைக் கண்மாயில் தேக்கி மடை வழியே வயல்தோறும் பங்கிட்டளிக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அப்பங்கின் கணக்கோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், நீர்பாய்ச்சி ஒருவருடைய ஞாபகத்திலேயே குடியிருந்தது.

என் சிறு பிராயத்தில் நான் கண்ட நீர்பாய்ச்சித் தாத்தா, எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் எந்த வயல் நிறையும் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லவல்லவர். ஒரு தை மாதம் அவருக்கு வாய் கோணிற்று. பத்து நாளில் சரியாயிற்று. ஆனால் கீழ்மடைப் பங்கு மட்டும் நினைவிலிருந்து போயிற்று. மறு வருஷம் இடக்கை இழுத்துக்கொண்டது; இன்னும் சில வயல்கள் மறந்தன. பிறகொரு நாள் மண்வெட்டியைத் தோளில் சாத்தியபடி, நீரற்ற வாய்க்கால் கரையில் திகைத்து நின்றவரை, அவர் மனைவி வந்து, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று கைப்பிடித்து அழைத்துச் சென்றதைப் பார்த்தேன். "வயசாயிருச்சு, புத்தி தடுமாறுது" என்றார்கள் ஊரார். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

விசாரித்தவர்கள் வேறு தேசத்தில் இருந்தார்கள். 1894-இல் ஆட்டோ பின்ஸ்வாங்கர் என்பார், மூளையின் ஆழத்திலுள்ள இரத்தக்குழாய்கள் பழுதுற்றதால் விளைந்த மதிமயக்கத்தை விவரித்தார். 1906-இல் தாம் எடுத்துரைத்த மறதி நோய்க்குத் தம் பெயரே வழங்கப்பெற்ற அல்ஸைமரும், அதற்கு முந்திய காலத்தில் இவ்விஷயத்தையே ஆராய்ந்தவர். பின்வந்த வைத்தியர்களோ, முதுமை மறதி அனைத்திற்கும் குழாய்கள் தடித்து மூளைக்கு இரத்தம் மெல்ல மெல்லக் குன்றுவதே காரணமென்று நெடுங்காலம் நம்பினர். கண்மாயே வற்றிப்போனதாக எண்ணினர் எனலாம். 1974-இல் ஹாச்சின்ஸ்கி, லாஸன், மார்ஷல் என்னும் மூவர் இதை மறுத்து, குழாய்நோயால் புத்தி மங்குமிடத்து, பெரிதும் சிறிதுமாகப் பல இடங்களில் மூளைத்திசு இரத்தமின்றி மடிவதே காரணமென்று எழுதினர். கண்மாயில் நீர் இருக்கிறது. மடைகள்தாம் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. தாத்தாவின் வயல்கள் ஒரே நாளில் மறவாமல், படிப்படியாய், ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் சிலவாக மறைந்ததன் மர்மம் எனக்கு இதைப் படித்தபொழுதுதான் விளங்கிற்று.

மடிந்த திசு மீளாது; அடுத்த மடை அடைபடாமல் காக்க இயலும். இதற்குப் பிரதான சத்துருக்களுள் ஒன்றான இரத்தக் கொதிப்பை அளக்க, கையில் சுற்றும் பட்டையை இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி 1896-இலேயே அமைத்துவிட்டார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் அக்கொதிப்பைத் தணிப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் வெளியிட்டு உலகறியச் செய்தார். கிராமத்தாருக்கு மறதி நோய் அபூர்வம் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை: செங்கற்பட்டுப் பக்கத்துத் திருப்போரூரில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், அறுபதைக் கடந்தோருள் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதி நோய் காணப்பட்டது. பட்டையும் இருந்தது, மருந்தும் இருந்தது. இரண்டும் எங்கள் கண்மாய்க்கரைக்கு வந்து சேரத்தான் காலதாமதமாயிற்று.

2021 ஆகஸ்டில், வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பைப் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கிய பிற்பாடு, அடிவாரத்துத் திண்ணையொன்றில் கண்ட காட்சி இது. சுருங்கிய மேற்கையில் பட்டையைச் சுற்றிய பெண்ணிடம் பாட்டி கேட்டாள்: "எம்புட்டு இருக்கு, தாயி?" "நூத்தி அறுபது, ஆத்தா. மாத்திரையை விட்டுட்டீங்களா?" பாட்டி பதில் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிஞ்சியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.